யார் வீட்டுப் பணத்தில் யார் நாட்டு விடுதலை?

ஒரு நாட்டின் அரசைக் கவிழ்ப்பதற்கு இன்னொரு நாட்டின் மன்றத்திலே சட்டம் இயற்றலாமா? இயற்றியிருக்கிறார்கள். இருட்டிலே அல்ல, மறைவிலே அல்ல. பட்டப்பகலில், வாக்கெடுத்து, தொகை குறித்து, கையொப்பமிட்டு இயற்றியிருக்கிறார்கள்.

1998-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். ‘ஈராக் விடுதலைச் சட்டம்’ என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டால் காது இனிக்கிறது! பிரதிநிதிகள் சபையிலே 360 பேர் ஆதரவு, 38 பேர் எதிர்ப்பு. செனட் சபையிலே எதிர்ப்பே இல்லை. என்ன சொல்லிற்று அந்தச் சட்டம்? சதாம் உசேன் ஆட்சியை அகற்றும் முயற்சிகளுக்குத் துணை நிற்பது அமெரிக்காவின் கொள்கையாக இருக்க வேண்டும் என்றது. அதற்காக எதிர்க்குழுக்களுக்கு 9 கோடியே 70 இலட்சம் டாலர் வரையில் படைக்கலங்களும் பயிற்சியும் தரலாம் என்றது. வானொலி, தொலைக்காட்சிப் பிரசாரத்துக்கு 20 இலட்சம் டாலர் என்றது. எந்தெந்தக் குழுவுக்கு என்று முடிவு செய்யும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தது. 1999 பிப்ரவரியில் ஏழு குழுக்களின் பெயர்ப் பட்டியல் வெளிவந்தது.

சதாம் உசேன் நல்லவரா? அல்ல, தோழர்களே, அல்ல. 1988-இல் ஹலப்ஜா என்னும் குர்து ஊரிலே நச்சுப்புகை வீசி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது அவருடைய ஆட்சி. அந்தக் கொடுமையை மறைக்க நாம் பேனா எடுக்கவில்லை. ஈராக் மக்களுக்கு விடுதலை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த விடுதலைக்குக் கணக்கு எழுதும் கை யாருடைய கை?

தொழிலாளிக்குத் தெரிந்த நியாயம்

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய சட்டப் படிப்பு வேண்டாம். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையில், இராணிப்பேட்டையில், பேரணாம்பட்டில் தோல் பதனிட்டும் செருப்புத் தைத்தும் வாழ்கிற தொழிலாளிக்கு இது தெரிந்த நியாயம்தான்.

ஒரு தோல் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி குறைவு. சுண்ணாம்புத் தொட்டியிலே நின்று நின்று கால் வெந்து கிடக்கிறது. கையுறை கேட்டால் கண்ணை உருட்டுகிறார் முதலாளி. தொழிலாளர் குமுறுகிறார்கள். அவர்கள் குமுறல் நியாயம், அதிலே ஐயமில்லை. அந்த நேரத்திலே எதிர்த் தெரு முதலாளி ஆள் அனுப்புகிறார்: “வேலைநிறுத்தம் செய்யுங்கள். ஆறு மாதம் ஆனாலும் அரிசிச் செலவு என்னுடையது. தலைவர் மட்டும் நான் சொல்லுகிறவராக இருக்கட்டும்.”

வாங்கலாமா அந்தப் பணத்தை?

வாங்கினால் என்ன ஆகும் என்று சங்கத்திலே பழுத்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார். முதல் மாதம் அரிசி வரும். இரண்டாம் மாதம் அறிவுரை வரும். மூன்றாம் மாதம் கட்டளை வரும். எதிர்த் தெருக்காரருக்கு ஆர்டர் கைக்கு வந்த அன்று, அரிசியும் வராது, ஆளும் வரமாட்டார். நடுத்தெருவிலே நிற்பவன் தொழிலாளி. உள்ளே இருக்கிற முதலாளியும், “பார்த்தீர்களா, இவர்கள் கூலிக்குக் கூச்சலிட்டவர்கள்!” என்று ஊரைக் கூட்டிச் சொல்லுவார். நியாயமான குறையும் அதோடு சேர்ந்து புதைந்து போகும்.

தொழிலாளி மாதாமாதம் கொடுக்கிற சந்தா சிறு தொகை. ஆனால் அந்தச் சிறு தொகைதான் தலைவனைக் கேள்வி கேட்கிற உரிமையை அவனுக்குத் தருகிறது. சந்தா எங்கிருந்து வருகிறதோ, சங்கத்தின் சொல் அங்கிருந்துதான் வரும்.

ஈராக்கிலே நடந்தது இதுதானே! அமெரிக்கப் பணம் பெற்ற குழுக்களில் முதன்மையாகப் பேசப்பட்டது அகமது சலபி தலைமையிலான ஈராக் தேசிய காங்கிரஸ். பேரழிவுப் படைக்கலங்கள் பற்றித் தப்பி வந்தவர்கள் சிலர் சொன்னதை அது அமெரிக்க உளவுத்துறையிடம் கொண்டு சேர்த்தது. அக்குழுவோடு தொடர்புடையவர்கள் தந்த பொய்த் தகவல்கள் முக்கியமான கணிப்புகளுக்குப் பயன்பட்டன என்று 2006-இல் அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுவே எழுதி வைத்தது. அமெரிக்கப் படையை அனுப்ப அனுமதியாகக் கொள்ளக் கூடாது என்று 1998 சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. ஆனால் 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தந்த தீர்மானம் அதே சட்டத்தைச் சுட்டிக்காட்டிற்று; 2003 மார்ச்சில் படை இறங்கிற்று. தேடிய படைக்கலக் குவியல் கிடைக்கவில்லை. 2005 டிசம்பரில் ஈராக் மக்கள் வாக்களித்தபோது, சலபியின் அணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. வாஷிங்டனிலே செல்வாக்கு; பாக்தாதிலே பூஜ்யம்!

உலக நீதிமன்றம் சொன்னது

“பணம்தானே கொடுக்கிறோம்; துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நாங்களா போகிறோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் விடை இருக்கிறது.

மத்திய அமெரிக்காவிலே நிகரகுவா என்றொரு சிறு நாடு. அங்கே 1979-இல் சர்வாதிகாரி சொமோசாவை விரட்டிவிட்டு சாண்டினிஸ்டாக்கள் ஆட்சிக்கு வந்தனர். அவர்களை எதிர்த்த ‘கான்ட்ரா’ படைக்கு அமெரிக்கா பணமும் படைக்கலமும் கொடுத்தது. 1984-இல் அமெரிக்க காங்கிரசே அந்த உதவிக்குத் தடை போட்டது. தடை போட்ட பின்னும் வெள்ளை மாளிகையைச் சேர்ந்தவர்கள் ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தைத் திருப்பிவிட்டு ரகசியமாக உதவினார்கள். 1986 நவம்பரில் அந்தக் குட்டு வெளிப்பட்டது.

அதற்கு முன்பே, 1986 ஜூன் 25-ஆம் நாள், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தடையை நீக்கி, கான்ட்ராக்களுக்குப் 10 கோடி டாலர் தர வாக்களித்தது. இரண்டே நாள் கழித்து, ஜூன் 27-ஆம் நாள், ஹேக் நகரிலுள்ள உலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கவனியுங்கள், தோழர்களே! படைக்கலமும் பயிற்சியும் தருவது ஒரு வகைக் குற்றம் என்று பிரித்துக் காட்டியது. வெறும் பணம் கொடுப்பது படைபலத்தைப் பயன்படுத்தியதாக ஆகாது. ஆனால் அதுவும் பிற நாட்டின் உள்விவகாரத்தில் தலையிட்ட குற்றம்தான் என்றது. அமெரிக்கா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஏற்கும்படி கேட்ட தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபையிலே தன் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தியது.

ஒரு நாட்டின் மன்றம் வாக்களித்துவிட்டது என்பதாலேயே செயல் நேர்மையாகிவிடாது. எதிர்த் தெரு முதலாளி செக்கு எழுதிக் கொடுத்தால் என்ன, கவரிலே வைத்துக் கொடுத்தால் என்ன? பணத்தின் நோக்கம் மாறிவிடுமா?

வேலூர் மண்ணில் ஒரு சாட்சி

இந்தச் சூது நேற்று முளைத்ததல்ல. அதற்குப் பழைய சாட்சி ஒன்று நம்முடைய வேலூரிலேயே, பாலாற்றங்கரையிலேயே இருக்கிறது. முத்து மண்டபம் என்கிறோமே, அங்கே உறங்குபவர் யார்? கண்டி நாட்டின் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கன்.

கண்டியை வெள்ளையர் எப்படிப் பிடித்தார்கள்? 1803-இல் முத்துசாமி என்ற உரிமையாளர் ஒருவரைத் தங்கள் படையோடு கொண்டுபோய்க் கண்டியிலே முடி சூட்டினார்கள். அதற்கு விலையாகச் சில மாகாணங்களை எழுதி வாங்கிக் கொண்டார்கள். மக்கள் அவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் அங்கிருந்த ஆங்கிலப் படை சரணடைந்தபோது, முத்துசாமியை எதிரியிடமே ஒப்படைத்துவிட்டார்கள், அவர் கொல்லப்பட்டார். தாங்கள் முடி சூட்டியவரைத் தாங்களே கைவிட்டார்கள்!

பாடம் படித்த வெள்ளையர் அடுத்த முறை மன்னருடைய சொந்தப் பிரதானிகளையே பிடித்தார்கள். டொய்லி என்ற அதிகாரி கண்டிப் பிரதானிகளோடு ஓயாமல் ஓலைத் தொடர்பு வைத்திருந்தார். மன்னரின் கொடுமையால் மனைவி மக்களைப் பறிகொடுத்த எகலப்பொல, ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். அவருடைய சினம் நியாயமான சினம். அதைக் கருவியாக்கிக் கொண்டார்கள். 1815 பிப்ரவரியில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2-ஆம் நாள் ஒப்பந்தம் எழுதினார்கள். எகலப்பொலவுக்கு முடி கிடைத்ததா? கிடைக்கவில்லை. முடி இலண்டன் மன்னருக்குப் போயிற்று. எகலப்பொல சிறை வைக்கப்பட்டு, பின்னர் மொரீஷியஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829-இல் அங்கேயே மாண்டார். விக்கிரமராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் சிறையிருப்பிலேயே மறைந்தார். இலங்கை மக்களுக்கு 133 ஆண்டு அடிமை வாழ்வு.

கவிழ்க்கப்பட்டவர் வேலூரிலே மாண்டார். கவிழ்க்கத் துணைபோனவர் மொரீஷியசிலே மாண்டார். நாடு மட்டும் வேறொருவன் கையிலே!

நம் வீட்டுக் கதை

“அமெரிக்காவையும் ஆங்கிலேயனையும் சொல்லிவிட்டீர், நம்மவர் செய்ததைச் சொல்லுவீரா?” என்று கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும்.

1983 ஜூலையிலே இலங்கையில் தமிழர் மீது நடந்த வெறியாட்டத்தை மறக்க முடியுமா? அன்றைய ஆகஸ்டிலே தமிழகம் முழுவதும் கடை அடைத்துக் கண்ணீர் விட்டது. உண்டியல் ஏந்திய இடமெல்லாம் உழைப்பாளி தன் கூலியைப் போட்டான். அது தோழமை, அதிலே குற்றமில்லை. ஆனால் அதே ஆண்டில் வேறொரு கை உள்ளே நுழைந்தது. டில்லியின் உளவுத்துறை ஈழப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் படைக்கலமும் கொடுக்கத் தொடங்கியது. சட்டம் எதுவும் இயற்றவில்லை, நாடாளுமன்றத்திலே வாக்கெடுக்கவில்லை, வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவும் இல்லை. அமெரிக்கன் பட்டப்பகலில் செய்ததை நம்முடைய சர்க்கார் இருட்டிலே செய்தது.

ஒரு குழுவுக்கா கொடுத்தார்கள்? டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ், புளொட், விடுதலைப்புலிகள் என்று பல குழுக்களுக்கும் கொடுத்தார்கள். பல கைகளிலே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, ஒற்றுமையாக இருங்கள் என்றால் இருப்பார்களா? 1986 ஏப்ரல்–மே மாதங்களில் புலிகளும் டெலோவும் மோதி, டெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். தமிழனுக்காக வந்த துப்பாக்கி தமிழன் நெஞ்சிலே வெடித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டுப் போலீசே முகாம்களுக்குள் புகுந்து கருவிகளைப் பறித்தது.

1987 ஏப்ரலில் முதலமைச்சர் எம்.ஜி.இராமச்சந்திரன் 4 கோடி ரூபாய் அறிவித்தார். புலிகளுக்கு 3 கோடி, ஈரோசுக்கு 1 கோடி. துயர் துடைப்புக்கு என்று பெயர். யாழ்ப்பாணத்திலே மக்கள் பட்ட துயர் உண்மை. உதவ நினைத்த உள்ளத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் துயர்ப்பட்ட மக்களுக்கு என்று சொன்ன பணத்தைத் துப்பாக்கி ஏந்திய குழுக்களின் பெயரிலேயே எழுதிவிட்டால், அதன் கணக்கை எந்தத் தாய் போய்க் கேட்பாள்?

மூன்றே மாதம். 1987 ஜூலை 29-ஆம் நாள் டில்லியும் கொழும்பும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. ஈழத் தமிழர் அமைப்பு எதுவும் அதிலே கையொப்பமிட்ட தரப்பு அல்ல. போராடச் சொல்லிப் படைக்கலம் கொடுத்த டில்லி, கீழே வைக்கச் சொல்லிக் கட்டளையிட்டது. அக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டனர். மாண்ட ஈழத் தமிழ்ப் பொதுமக்கள் எத்தனை எத்தனையோ! இன்னும் கேளுங்கள்: இந்தியப் படையை வெளியேற்ற விரும்பிய கொழும்பு அதிபர் பிரேமதாசாவின் அரசே புலிகளுக்குப் படைக்கலம் கொடுத்தது. டில்லியோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப். பக்கம் நின்று ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற ஒன்றுக்குத் துணை செய்தது. பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்து அதிலே சேர்த்தார்கள். இரு பக்கமும் தமிழ்ப் பிள்ளைகள்; இரு பக்கமும் அயலார் தந்த துப்பாக்கி.

முடிவு என்ன ஆயிற்று? 1990 ஜூனில் பத்மநாபா சென்னையிலே கொல்லப்பட்டார். 1991 மே 21-ஆம் நாள் சிறீபெரும்புதூரிலே ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992-இல் புலிகள் இயக்கம் இந்தியாவிலே தடை செய்யப்பட்டது. கண்டி மன்னர் சிறையிருந்த அதே வேலூர்க் கோட்டை சிறப்பு முகாம் ஆயிற்று. 1995 ஆகஸ்டில் அங்கிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். விருந்தினராக வரவேற்கப்பட்டவர்களைக் கைதிகளாக அடைக்க எத்தனை ஆண்டு ஆயிற்று? பத்து ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

எது தோழமை, எது பேரம்?

அப்படியானால் ஒடுக்கப்பட்டவனுக்கு அயலார் உதவவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து 1946-இலேயே இந்தியா வணிகத்தை நிறுத்தியது. அதனால் வந்த நட்டத்தைத் தானே தாங்கிக்கொண்டது. சுவீடன் நாட்டு அரசு 1970-களிலிருந்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு வெளிப்படையாகவே பணம் கொடுத்தது; உணவுக்கும் மருந்துக்கும் கல்விக்கும் கொடுத்தது, துப்பாக்கிக்குக் கொடுக்கவில்லை. அந்த இயக்கமும் நேற்று சுவீடனிலே பிறந்ததல்ல. 1912-லிருந்து தன் மக்களிடையே வேர்விட்டு வளர்ந்தது. தலைவர் யார் என்பதை அயலார் குறித்துக் கொடுக்கவில்லை. 1994-இல் மக்கள் வாக்களித்தபோது அது வென்று ஆட்சி அமைத்தது. சலபிக்குக் கிடைத்த பூஜ்யத்தை இதற்குப் பக்கத்திலே வைத்துப் பாருங்கள்!

ஆகவே, தோழர்களே, இனி எந்த மன்றத்திலே எந்த நாட்டின் ‘விடுதலைக்கு’ச் சட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் மக்கள் கைக்குப் போகிறதா, தலைவர் கைக்குப் போகிறதா? தலைவரைத் தேர்ந்தெடுப்பது அந்த மக்களா, பணம் கொடுப்பவரா? கொடுப்பவருடைய ஆதாயம் முடிந்த மறுநாள் அந்த மக்களின் கதி என்ன? வாஷிங்டன் இயற்றினாலும் சரி, டில்லி இயற்றினாலும் சரி, சென்னை அறிவித்தாலும் சரி, கேள்வி இதுதான்.

இயற்ற வேண்டிய சட்டம்

மூன்றாவது கேள்விக்கு விடை காண நெடுந்தூரம் போக வேண்டாம். வேலூருக்கு அருகே மேல்மொணவூரிலே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஆம்பூருக்கு அருகே மின்னூரிலே இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு தந்த கணக்கு: 108 முகாம்கள், ஏறத்தாழ 58,800 பேர். அதே ஆண்டு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள்; நவம்பர் 2-ஆம் நாள் மேல்மொணவூரிலே முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 3,510 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் வீடு வேறு, உரிமை வேறு. 2019-இல் டில்லி இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காக வழக்குப் பாயாது என்றது அந்த ஆணை. சிறைக் கதவு மூடாது என்பதுதான் அதன் பொருள். குடியுரிமைக் கதவு திறக்கும் என்பதல்ல.

எண்ணிப் பாருங்கள்! துப்பாக்கி கொடுக்க அன்று ஒரு சட்டமும் வேண்டியிருக்கவில்லை. பயிற்சி கொடுக்க ஒரு பாஸ்போர்ட்டும் கேட்கவில்லை. அந்தப் போருக்குத் தப்பிக் கைக்குழந்தையோடு படகேறி வந்த தாயிடம் மட்டும் காகிதம் எங்கே, காகிதம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்! முகாமிலே பிறந்த பிள்ளை இங்கேயே படித்து, இங்கேயே வேலை தேடி, இங்கேயே மணம் முடித்தும், எந்த நாட்டான் என்ற கேள்விக்கு விடையின்றி நிற்கிறது.

ஈழத் தமிழருக்கு உதவச் சட்டம் இயற்ற வேண்டுமா? இயற்றட்டும். விரும்பி இங்கே வாழ்வோருக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை இயற்றட்டும். விரும்பித் திரும்புவோருக்கு நிலமும் பாதுகாப்பும் கிடைக்கக் கொழும்போடு வெளிப்படையாகப் பேசட்டும். அதற்கு ஒரு துப்பாக்கியும் வேண்டாம், ஒரு இரகசியக் கணக்கும் வேண்டாம்.

சங்கக் கிளைகளிலே இதைப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை மின்னூருக்கும் மேல்மொணவூருக்கும் போய், அங்கிருப்போர் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். கேட்டதை மனுவாக எழுதி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கையிலே கொடுங்கள். அவர் மன்றத்திலே பேசும்வரை விடாதீர்கள்.